ஹெட்டில் பிளக் மரை உரிந்துவிட்டால்: காயில், புஷ் பொருத்தும் முறை

ஸ்பார்க் பிளக்கை மாட்டும் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, இறுகி நிற்கவேண்டிய இடத்தில் கைப்பிடி சட்டென்று இளகி, அதற்குப் பின் எவ்வளவு சுற்றினாலும் பிளக் நின்ற இடத்திலேயே சுழல்வது, தன் வண்டியைத் தானே பழுதுபார்ப்பவர் என்றாவது ஒருநாள் சந்திக்கும் நிலைதான். என்ஜினின் தலைப்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் வெட்டிய மரை (திருகுப் புரி), எஃகுப் பிளக்கின் மரைக்கு ஈடுகொடுக்க முடியாமல் உரிந்துவிட்டது என்பது அதன் பொருள். பிளக்கை வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் பள்ளங்களில் வெள்ளிச் சரிகை சுற்றியதுபோல அலுமினிய இழை ஒட்டியிருக்கும். இதைக் கண்டதும் ஹெட்டையே மாற்றவேண்டும் என்று முடிவுகட்டத் தேவையில்லை. அதே சமயம், எப்படியாவது பிளக் பிடித்துக்கொண்டால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. மரையைப் பிடிக்கவைப்பது இந்த வேலையில் எளிய பகுதி. பிளக் உட்காரும் மட்டம், அது எரியறைக்குள் நீளும் அளவு, துளையின் நேர்க்கோடு ஆகிய மூன்றையும் பழையபடி கொண்டுவருவதில்தான் முழுக் கவனமும் போகவேண்டும்.

பொதுவாகச் சொன்னால் கை வேலைக்கு உதவாது என்பதால், நம் தெருக்களில் மிகுதியாக ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் காலத்து ஸ்பிளெண்டரின் 97.2 சி.சி. என்ஜினில் பொருத்தப்படும் பிளக்குகளில் என்.ஜி.கே. நிறுவனத்தின் சி7எச்எஸ்ஏ (C7HSA) பரவலாக அறியப்பட்டது. இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் எழுத்தான ‘சி’ மரையின் விட்டம் 10 மி.மீ. என்பதைச் சொல்கிறது, அவ்விடத்தில் ‘டி’ (D) இருந்தால் 12 மி.மீ., ‘பி’ (B) இருந்தால் 14 மி.மீ. அடுத்து வரும் ‘7’ வெப்ப எண். ‘எச்’ என்பது வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரை முடியும் வரையிலான நீளம் 12.7 மி.மீ. என்பதைக் குறிக்கும், அது ‘இ’ (E) ஆக இருந்தால் 19 மி.மீ. இந்தப் பிளக்கின் மரை இடைவெளி 1 மி.மீ. என்பதால், ஹெட்டில் பன்னிரண்டு சுற்று அளவுக்குத்தான் மரை இருக்கிறது. அதில் நாலைந்து சுற்று போனாலே மீதி தாங்காது. உங்கள் வண்டி வேறாக இருந்தால் முதலில் பிளக்கின் குறியீட்டையும், வண்டியுடன் வந்த கையேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உதிரிப்பாகக் கடைக்குச் செல்லுங்கள்.

மரை எதனால் போகிறது

காரணத்தை அறியாமல் பழுதுபார்த்தால், புதிதாகப் போட்டதும் அதே வழியில் போகும். முதற்காரணம், பிளக்கைக் கையால் நுழைக்காமல் ஸ்பேனரில் மாட்டியே நுழைப்பது. ஸ்பிளெண்டரில் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்த நிலையில் இருப்பதால், பிளக் துளையைக் கண்ணால் நேராகப் பார்ப்பது கடினம். சற்றுக் கோணலாக நுழைந்த பிளக்கை ஸ்பேனரின் நீண்ட பிடி மறுபேச்சில்லாமல் திருப்பிவிடும், மரை குறுக்கே வெட்டுப்படும். இரண்டாவது, அளவுக்கு மீறிய இறுக்கம். 10 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். இது கையளவு நீளமுள்ள ஸ்பேனரை இரண்டு விரல்களால் அழுத்தும் விசையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பட்டறைகளில் ஸ்பேனர் பிடிக்குள் குழாயைச் செருகி இறுக்குவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பையன்கள் லாரிச் சக்கர நட்டுக்கும் பிளக்குக்கும் ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது காரணம் சூடு. அலுமினியம் சூட்டில் விரியும் அளவு எஃகு விரியும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. சூடான ஹெட்டில் மரை மென்மையாகவும் இருக்கும் என்பதால், வண்டியை நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றுவது மரையை இழுத்துக்கொண்டு வரும். நான்காவதை யாரும் எளிதில் கவனிப்பதில்லை: தவறான நீளமுள்ள பிளக். நீளம் குறைந்த பிளக்கைப் போட்டால், ஹெட்டின் கடைசிச் சில மரைகள் வெறுமையாக நின்று கரி படியும்; பிறகு சரியான பிளக்கை நுழைக்கும்போது அந்தக் கரி அரம்போல வேலை செய்யும். நீளம் கூடிய பிளக்கைப் போட்டால், எரியறைக்குள் நீண்டிருக்கும் அதன் மரைகளிலேயே கரி ஏறி, கழற்றும்போது ஹெட்டின் மரையை அள்ளிக்கொண்டு வெளியே வரும். பிஸ்டனில் அது இடிக்கும் ஆபத்து தனி.

முதலில் நிலையை ஆராய்தல்

எல்லாச் சேதத்துக்கும் துளையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. பிளக்கை எடுத்துவிட்டு, சிறு டார்ச்சைத் துளைக்கு நேராகப் பிடித்து மரையைப் பாருங்கள். வாய்ப்பக்கத்து ஒன்றிரண்டு சுற்று மட்டும் நசுங்கியோ குறுக்கே வெட்டுப்பட்டோ இருந்து, உள்ளே மரை கூர்மையாகத் தெரிந்தால், அதைச் சீர்செய்தால் போதும். அதற்கு டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியைப் பயன்படுத்த நான் தயங்குவேன். டேப் உலோகத்தை வெட்டி எடுக்கும், மேலும் கெட்டுப்போன வாயில் அது தவறான தடத்தையே பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பழைய பிளக் ஒன்றை எடுத்து, முனையில் வளைந்திருக்கும் கம்பியை வெட்டிவிட்டு, அதன் மரையின் நீளவாக்கில் மூன்று நான்கு இடங்களில் முக்கோண அரத்தால் காடி (சிறு பள்ளம்) போடுங்கள். காடியின் விளிம்புகள் மரையைத் துடைத்து வழிகாட்டும். உதிரும் துகள் காடியில் தங்கும். காடியில் கிரீஸ் தடவி, கையால் மட்டும் நுழைத்து, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் பிளக் ‘டக்’ என்று ஒரு சிறு படி இறங்கும். அந்தப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் திருப்பினால் சரியான தடத்தில் நுழையும். இந்தப் படி இறங்கும் உணர்வை விரலுக்குப் பழக்கிக்கொள்வது, எதிர்காலத்தில் ஒவ்வொரு முறை பிளக் மாட்டும்போதும் உதவும்.

ஹெட் வெளியே இருக்குமானால், எரியறைப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி மரையைச் சீர்செய்வது இன்னும் நல்லது. அங்கே கெடாத மரை இருப்பதால் தடம் தவறாது.

இதற்கு மாறாக, மரை முழுவதும் வழுவழுப்பாகிவிட்டிருந்தாலோ, பிளக் இறுகுவதுபோல் இறுகி மீண்டும் நழுவினாலோ, வண்டி ஓடும்போது பிளக்கைச் சுற்றிக் கரும் எண்ணெய்க் கறை படர்ந்து, முடுக்கும்போது ‘புஸ் புஸ்’ என்று காற்று கசிந்தாலோ, புதிய மரை போடுவதைத் தவிர வழியில்லை. துளையிலிருந்து வால்வ் இருக்கை வரை மயிரிழை போன்ற விரிசல் ஏதும் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். விரிசல் இருந்தால் கீழே சொல்லப்போகும் எதுவும் பயன்படாது. அலுமினியப் பற்றவைப்பில் நிரப்பி மீண்டும் துளையிடவேண்டும், அல்லது ஹெட்டை மாற்றவேண்டும்.

செய்யக் கூடாதவை சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்கம்பியின் செப்பு இழையைப் பிளக் மரையில் சுற்றி இறுக்குவது, எம்-சீல் போன்ற பசையை அப்பி ஒட்டுவது, குழாய் வேலைக்குரிய வெள்ளை நாடாவைச் சுற்றுவது ஆகிய மூன்றும் வழக்கத்தில் இருப்பவை. ஊருக்கு வெளியே நின்றுபோன வண்டியை வீடு சேர்க்கச் செப்பிழை உதவலாம். அதற்குமேல் அதை நம்பினால், பிளக் ஒருநாள் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறித்து வரும், தெறிக்கும் திசையில் உங்கள் முழங்கால் இருக்கும். ஹெட்டில் 12 மி.மீ. மரை வெட்டிப் பெரிய பிளக்கைப் போடும் யோசனையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. கடைகளில் எளிதில் கிடைக்கும் 12 மி.மீ. பிளக்குகளில் பல 19 மி.மீ. நீளமுள்ளவை. 12.7 மி.மீ. ஆழமுள்ள ஹெட்டில் அது ஆறு மி.மீ.க்கு மேல் உள்ளே நீளும். கிக்கரை உதைத்த முதல் உதையிலேயே பிஸ்டனோ வால்வோ அதைச் சந்திக்கும்.

ஹெட்டைக் கழற்றுவதா, வண்டியிலேயே செய்வதா

கழற்றவேண்டும் என்பதே என் தீர்ப்பு. ஸ்பிளெண்டரில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. நிமிர்ந்த சிலிண்டரில் துளைக்குள் விழும் அலுமினியச் சீவல் பிஸ்டனின் தலையில் கிடக்கும். தேடி உறிஞ்சி எடுக்கலாம். படுத்த சிலிண்டரிலோ, சீவல் சிலிண்டரின் கீழ்ச்சுவரில், பிஸ்டன் ரிங் வந்துபோகும் பாதையிலேயே விழுந்து எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் சோம்பல்பட்டு ஹெட்டைக் கழற்றாமலே நான் மரை போட்டேன். டேப்பில் கிரீஸ் தடவினேன், வாக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயை ஒட்டி உறிஞ்சினேன், எல்லாம் சுத்தம் என்று நம்பினேன். சில வாரங்களில் சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது. பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாயான போரைக் கழற்றிப் பார்த்தபோது கீழ்ப்பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல நீண்ட கீறல் ஒன்று இருந்தது. மிச்சப்படுத்திய ஒரு மணி நேரத்துக்கு விலை, போரிங்கும் புதுப் பிஸ்டனும்.

ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தயக்கமே தேவையில்லை. ஹெட் நான்கு நட்டுகளில் நிற்கிறது. வால்வும் இல்லை, அதை இயக்கும் டைமிங் செயினும் இல்லை. கழற்றாமல் செய்தால் சீவல் போரின் பக்கத் துளைகள் வழியே கிராங்க் அறைக்குப் போய் பேரிங்கில் சிக்கும், அங்கிருந்து அதை எடுக்க என்ஜினையே பிரிக்கவேண்டும். அந்த வண்டியின் பிளக் 14 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது என்பதால், கீழே வரும் அளவுகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவேண்டும்.

ஸ்பிளெண்டர் ஹெட்டைக் கழற்றுமுன் சைலன்சர், கார்புரேட்டர், இன்டேக் குழாய் ஆகியவற்றை அகற்றி, மேக்னட்டில் உள்ள ‘டி’ (T) குறியை அதன் எதிர்க்குறியுடன் நேராக நிறுத்திக்கொள்ளுங்கள். டைமிங் சக்கரத்தின் குறி ஹெட்டின் குறியுடன் எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பதை அலைபேசியில் படம் எடுத்துவைப்பது, திரும்ப மாட்டும்போது வரும் வாக்குவாதங்களைத் தவிர்க்கும். டைமிங் செயின் உள்ளே விழுந்துவிடாதபடி ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். ஹெட் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நட்டுக்கடியில் உள்ள வாஷர்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதால், எது எந்த ஸ்டட்டில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறும் வழியில் தவறான வாஷரைப் போட்டால் பின்னால் கசியும். ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்குங்கள், பழையதைத் திரும்பப் போடுவது பொய்ச் சிக்கனம்.

எதைப் பொருத்துவது

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எஃகுக் கம்பியால் சுருள்போலச் செய்த காயில். ஹெலிகாயில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக இருந்து, இன்று அந்த வகைப் பொருள் முழுவதற்கும் பெயராகிவிட்டது. குறுக்குவெட்டில் சாய்சதுரமாக இருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் வெளிமுனை ஹெட்டில் வெட்டிய பெரிய மரையில் உட்காரும், உள்முனை பிளக்குக்கான புதிய மரையாக அமையும். மற்றொன்று, உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய கெட்டியான புஷ். டைம்-செர்ட் போன்ற கிட்டுகளில் கழுத்துள்ள மெல்லிய எஃகுப் புஷ் வருகிறது. நம் ஊர் லேத்துப் பட்டறைகளில் பித்தளையிலோ கன்மெட்டல் எனப்படும் வெண்கலத்திலோ கடைந்து தருவார்கள்.

காயிலின் நன்மை, அது மிகக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்வது. 10 மி.மீ. பிளக்குக்குரிய காயிலுக்கான டேப் ஏறத்தாழ 11.3 மி.மீ. விட்டத்துக்குத்தான் வெட்டும் என்பதால், பிளக் துளைக்கும் வால்வ் இருக்கைக்கும் இடையே உள்ள சுவர் பெரிதாகப் பலமிழக்காது. குறை, பிளக் கரிபிடித்து இறுகிவிட்டால் சில சமயம் காயிலும் அதனுடன் சுருண்டு வெளியே வரும். புஷ் அப்படி வராது. ஆனால் 10 மி.மீ. பிளக்குக்குக் கடையும் புஷ்ஷுக்கு வெளிமரை பெரும்பாலும் 14 மி.மீ. ஆகவேண்டும், அவ்வளவு உலோகத்தைச் சிறிய ஹெட்டிலிருந்து எடுப்பது எனக்கு உவப்பானதல்ல. முதல்முறை மரை போனால் காயில், காயிலும் போனால் புஷ் என்ற வரிசையைத்தான் நான் பின்பற்றுகிறேன். புஷ் போட்ட ஹெட்டைத் திரும்பக் காயிலுக்கு இறக்க முடியாது, காயில் போட்ட ஹெட்டைப் புஷ்ஷுக்கு ஏற்ற முடியும்.

காயில் வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 10 மி.மீ. மரைக்கு வரும் சாதாரணக் காயில்கள் 10, 15, 20 மி.மீ. நீளங்களில் கிடைக்கும், இவை மூன்றுமே 12.7 மி.மீ. துளைக்குப் பொருந்தாதவை. பிளக்குக்கென்றே செய்த காயிலைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காமல் 15 மி.மீ. காயிலைப் போட நேர்ந்தால், ஹெட் வெளியே இருப்பதால் எரியறைப் பக்கம் நீளும் பகுதியைச் சிறு அரைக்கல்லால் மட்டமாக்கிவிடலாம். அப்படியே விட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சுற்று நெருப்பில் சிவந்து, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைக்கும்.

காயில் பொருத்தும் முறை

ஹெட்டைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, எரியறையின் கரியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிளக் வாஷர் உட்காரும் முகத்தைத் துணியால் சுத்தமாக்குங்கள். நேர்க்கோட்டுக்கு நாம் நம்பக்கூடியது இனி அந்த முகம் ஒன்றே. மரை போன துளை எந்தத் திசையிலும் சாயும், அதை வழிகாட்டியாகக் கொள்ள முடியாது. பிளக் துளை ஹெட்டில் சாய்வாக அமைந்திருப்பதால், ஹெட்டை மேசையில் அப்படியே வைத்து ட்ரில் செய்தால் தவறாகும். ட்ரில்லிங் மெஷினின் மேசையில் ஹெட்டைக் கட்டைத் துண்டுகள் கொண்டு சாய்த்து, வாஷர் முகத்தின்மேல் சிறிய மூலைமட்டத்தை வைத்து, ட்ரில் பிட்டுடன் எல்லாப் பக்கமும் இணையாக வரும்வரை சரிசெய்து இறுக்கிக் கட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவு நேரம் ஆகாது. கையில் ட்ரில்லிங் மெஷின் இல்லையென்றால், இந்தக் கட்டத்தை மட்டும் லேத்துப் பட்டறையில் செய்து வாங்குவது கௌரவக் குறைவல்ல.

கிட்டில் வரும் ட்ரில் பிட்டையே பயன்படுத்துங்கள், 10 மி.மீ. மரைக்கு அது 10.3 மி.மீ. அளவை ஒட்டி இருக்கும். உரிந்த துளை ஏற்கெனவே 10 மி.மீ.க்கு அருகில் அகன்றுவிட்டதால், பிட் மிகச் சிறிதளவே சுரண்டும். மெதுவான வேகத்தில், மண்ணெண்ணெயோ லேசான எண்ணெயோ விட்டு ஒரே சீராக இறக்குங்கள். 14 மி.மீ. பிளக்குக்கான கிட்டுகள் பலவற்றில் முனையிலேயே துளையை அகற்றும் பகுதி அமைந்த டேப் வருவதால் தனியாக ட்ரில் தேவைப்படாது.

அடுத்து டேப். மெஷினின் பிடியில் மோட்டாரை ஓடவிடாமல், டேப்பைப் பிடித்துக் கையால் சுற்றித் தொடங்குவதே நேராக இறங்க உறுதியான வழி. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் இறங்கிய பிறகு டேப் தன் தடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்றுப் பின்னே திருப்பிச் சீவலை உடையுங்கள். அலுமினியம் பிசுபிசுப்பானது, சீவலை உடைக்காமல் தொடர்ந்து திருப்பினால் அது டேப்பின் காடியில் அப்பிக்கொண்டு புதிய மரையையே கிழித்துவிடும். இரண்டு மூன்று முறை டேப்பை முழுவதுமாக வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் எண்ணெய் விட்டுத் தொடருங்கள். டேப் துளையைக் கடந்து எரியறைக்குள் தலைநீட்டும்வரை வெட்டவேண்டும், அப்போதுதான் கடைசிச் சுற்றும் முழு ஆழத்துக்கு வரும். வெட்டி முடித்ததும் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்துவிடுங்கள். வாயில் நிற்கும் பிசிரை மட்டும் நீக்குங்கள். சரிவாகச் சீவிவிட்டால் வாஷருக்கு உட்கார இடம் குறைந்துவிடும்.

காயிலை அதன் கருவியில் மாட்டும்போது, காயிலின் அடிமுனையில் குறுக்காக மடிந்திருக்கும் வால் கருவியின் காடியில் பொருந்தவேண்டும். சுழற்றும்போது மேலிருந்து அழுத்தாதீர்கள். காயில் தானாக இறங்கும். அழுத்தினால் ஒரு மரையைத் தாண்டிக் குதித்துவிடும். மேல்முனை வாஷர் முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று அளவுக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பிளக் அதன்மேல் ஏறி நிற்கும், வாஷர் படியாது. நடுவில் கருவியைப் பின்புறமாகத் திருப்பிக் காயிலை இழுத்துச் சரிசெய்ய முயலவேண்டாம். வாலைக் கருவி விட்டுவிடும், அவ்வளவுதான். ஆழமாகப் போய்விட்டால், அதை உருவி எறிந்துவிட்டுப் புதிய காயிலைப் போடுவதே சரி.

கடைசியாக வாலை உடைக்கவேண்டும். கிட்டில் உள்ள குச்சியை வாலின்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே தட்டு. வெட்டுக்குறி ஏற்கெனவே இருப்பதால் வால் சுத்தமாக ஒடியும். எரியறைப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். அதில் விழுந்த அந்தச் சிறிய கம்பித் துண்டைக் கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, ஒரு தாளில் ஒட்டிவைத்த பிறகுதான் ஹெட்டை மாட்டவேண்டும் என்பது என் வழக்கம்.

காயிலுக்குப் பசை தேவையா என்று பலர் கேட்பார்கள். அதன் சுருள்விசையே அதைப் பிடித்துவைக்கும். பட்டறைகளில் உள்ள சாதாரண மரைப்பூட்டுப் பசைகள் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்கே தாங்குபவை. காற்றால் குளிரும் என்ஜினில் பிளக்கைச் சுற்றி அதைவிடச் சூடேறும் என்பதால், அங்கே அவை பெயரளவுக்குத்தான் இருக்கும்.

புஷ் போட நேர்ந்தால்

புஷ் கடைவதை லேத்துக்காரரிடம் விட்டாலும், மூன்று விஷயங்களை நீங்களே சொல்லிக் கொடுக்கவேண்டும். முதலாவது, புஷ்ஷின் கழுத்து ஹெட்டின் வாஷர் முகத்தில் குழி வெட்டி அதற்குள் மட்டமாக உட்காரவேண்டும். முகத்தின்மேல் கழுத்து நின்றால் அதன் தடிப்பளவு பிளக் வெளியே தள்ளப்படும், பொறி எரியறைக்குள் போகாமல் துளைக்குள்ளேயே நிகழும். இரண்டாவது, புஷ்ஷின் நீளம் 12.7 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. மூன்றாவது, பித்தளை கேட்டால் பித்தளைதான், இரும்பு வேண்டாம்; அலுமினியத்தின் விரிவுக்குப் பித்தளையின் விரிவு ஓரளவு நெருங்கி வருவதால், சூட்டில் புஷ் தளர்வது குறையும். புஷ்ஷைப் பொருத்திய பின் எரியறைப் பக்கத்தில், ஹெட்டும் புஷ்ஷும் சந்திக்கும் வட்டத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் சென்டர் பன்ச்சால் அடித்துவிட்டால், பிளக்கைக் கழற்றும்போது புஷ் சுழன்று வராது.

திரும்ப மாட்டுதல்

ஹெட்டை ஏற்றுமுன் புதிய பிளக்கைக் கையாலேயே முழுவதும் சுற்றி நுழைத்துப் பாருங்கள். எங்கும் தடுக்காமல் வாஷர் வரை இறங்கவேண்டும். எரியறைப் பக்கத்தில் பிளக் மரையின் கடைசிச் சுற்று ஹெட்டின் விளிம்போடு ஏறத்தாழ மட்டமாக இருக்கவேண்டும். பிளக்கைச் சுற்றி வாஷர் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் முகத்தைத் தொடுகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் கீற்றாக ஒளி தெரிந்தால் துளை சாய்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் அங்கே கசியும்.

ஹெட்டை மாட்டி, நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, டைமிங் குறிகளையும் டாப்பெட் (வால்வ்) இடைவெளியையும் சரிபாருங்கள். என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, எதுவும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு, பிளக்கின் முனை இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் வைத்து மாட்டுங்கள். ஸ்பேனர் கையில் எட்டாத இடமாக இருந்தால், பிளக்கின் பீங்கான் பகுதியில் பெட்ரோல் ரப்பர் குழாயின் துண்டு ஒன்றைச் செருகி அதைச் சுற்றி நுழைக்கலாம். மரை குறுக்கே பிடித்தால் ரப்பர் வழுக்குமே தவிர மரையை வெட்டாது. வாஷர் தொட்டதும், புதிய பிளக்காக இருந்தால் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷர் உள்ள பழைய பிளக்காக இருந்தால் 30 டிகிரி அளவு போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். மரைக்கு கிரீஸோ செப்புப் பசையோ தடவவேண்டாம். உராய்வு குறைந்துவிடுவதால் அதே அளவு காட்டும்போதே உண்மையில் கூடுதலாக இறுகியிருக்கும், மேலும் இன்றைய பிளக்குகளின் மரையில் துரு தடுக்கும் பூச்சு முன்பே உள்ளது.

வண்டியை ஓடவிட்டு, பிளக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை ஒரு தூரிகையால் தடவுங்கள். என்ஜின் சூடேறுமுன் இதைச் செய்துவிடவேண்டும், சூடான ஹெட்டில் தண்ணீர் உடனே ஆவியாகிவிடும். குமிழி வந்தால் நிறுத்தி ஆறவைத்து மீண்டும் பாருங்கள். இரண்டு நாள் ஓட்டிய பின், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கை ஒருமுறை கழற்றி, காயில் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அதன் மேல்முனை முன்பு விட்ட இடத்திலேயே, முகத்துக்குச் சற்றுக் கீழே தெரிந்தால், அடுத்து பிளக் மாற்றும் நாள் வரை அதைத் தொடவேண்டிய அவசியமில்லை.